சுவான்சௌவில் ஒரு பகல்: இடம் மாறிய கற்கள்

சீனாவின் தென்கிழக்குக் கடற்கரையில், புஜியான் மாநிலத்தில், தைவான் நீரிணையை நோக்கி அமைந்த நகரம் சுவான்சௌ. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றித் தமிழில் குவான்சு என்றும் எழுதுகின்றனர். சீன ஒலிப்புக்கு அருகில் நிற்பது சுவான்சௌ என்ற வடிவமே. பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் செல்லும் இந்தியப் பயணிகளில் மிகச் சிலரே இங்கே இறங்குகிறார்கள். ஆனால், தனியாக, அவசரமின்றி, குறைந்த செலவில் ஒரு பகலைக் கழிக்க விரும்பும் வரலாற்று மாணவர் ஒருவருக்குச் சீனாவில் இதைவிடப் பொருத்தமான நகரம் அரிது. பழைய நகரின் முக்கிய இடங்களைக் கால்நடையாகவே பார்த்துவிடலாம். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் இல்லை; இருக்கும் இடத்திலும் ஒரு தேநீர்க் காசு அளவே. சோங், யுவான் காலங்களின் உலக வணிக மையம் என்ற தகுதியில் இந்நகரின் 22 இடங்கள் 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

தமிழ்ச் சமூக ஊடகங்களில் சுவான்சௌவின் பெயர் ஒரே ஒரு காரணத்துக்காகவே அவ்வப்போது தலைகாட்டும்: ‘சீனாவில் ஒரு சிவன் கோயில்’. படங்களும் உடன் வரும். செய்தி முழுப் பொய்யன்று. ஆனால் சுவான்சௌவில் சிவன் கோயில் எதுவும் இல்லை. இருப்பவை, இருந்து அழிந்த ஒரு கோயிலின் அல்லது சில கோயில்களின் கற்கள். அவற்றுள் ஒன்றுகூட இன்று தன் பழைய இடத்தில் இல்லை. கோயில் என்று சொல்லிவிட்டால் கதை பெருமிதத்தோடு முடிந்துவிடும். கற்கள் என்று சொன்னால்தான் யார் வைத்தது, யார் பெயர்த்தது, யார் எடுத்து வேறிடத்தில் பொருத்தியது என்ற கேள்விகள் எழும். நகரைச் சுற்றிவரும் பகலுக்கு இக்கேள்விகளே போதுமான வழிகாட்டி.

பகல் மேற்குத் தெருவில் தொடங்கும். பழைய நகரின் மிகப் பழைய தெருக்களுள் ஒன்று அது. இருபுறமும் செங்கல் முகப்புடைய தாழ்ந்த கடைகள். காலை உணவுக்கு ‘மியென்சியென் ஹு’ என்னும் கஞ்சி: நூலைவிட மெல்லிய கோதுமைச் சேமியாவைக் குழையக் காய்ச்சி, மேலே கேட்பவற்றைப் போட்டுத் தருகிறார்கள். பெரும்பாலும் இறைச்சியும் கடலுணவும். சைவ உணவு உண்பவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். கடைக்காரர்கள் தமக்குள் பேசிக்கொள்வது பொதுச் சீனமன்று, தென்மின் மொழி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஹொக்கியன் என்று அறியப்படுவது இதுவே. இம்மொழியில் தேநீருக்குப் பெயர் ‘தே’. மலாயிலும் டச்சிலும் ஆங்கிலத்திலும் பரவியது இந்த வடிவம். தமிழின் தேயிலையும் ஈழத்தின் தேத்தண்ணீரும் இதன் வழி வந்தவை. வடக்கே தரைவழி பரவிய ‘சா’ என்ற வடிவம் ‘சாய்’ ஆயிற்று. கடல்வழி போன சொல், தரைவழி போன சொல் என்று உலக மொழிகளை ஏறக்குறைய இரண்டாகப் பிரித்துவிடலாம். கடல்வழிச் சொல் புறப்பட்ட கரை இது.

தெருவின் வடபுறம் காய்யுவான் கோயில். 686இல், தாங் அரசமரபின் காலத்தில் நிறுவப்பட்ட பௌத்தக் கோயில். பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டை வளர்த்த ஒருவரின் தோட்டத்தில், முசுக்கொட்டை மரங்களே தாமரை பூத்ததால் நிலம் கோயிலுக்கு வழங்கப்பட்டது என்பது தலபுராணம். வளாகத்தின் இருபுறமும் நிற்கும் கல் கோபுரங்கள் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தவை. மேற்குக் கோபுரம் சுமார் 44 மீட்டர், கிழக்குக் கோபுரம் சுமார் 48 மீட்டர் உயரம். 1604ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தையும் தாங்கியவை. மேற்குக் கோபுரத்தில் வாளேந்திய குரங்குமுக வீரன் ஒருவனின் சிற்பம் உண்டு. அதை அனுமன் என்று உறுதியாகச் சொல்பவர்களைக் கோயில் வாசலிலேயே சந்திக்கலாம். சீனக் குரங்கரசன் கதையின் நாவல் வடிவம் 16ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. சிற்பம் அதற்கு மிகவும் முந்தியது. ஆகவே வினா சுவையானதே. ஆனால் குரங்கும் வாளும் மட்டும் அனுமனை நிறுவப் போதா.

பயணிகள் பெரும்பாலோர் பெருமண்டபத்தின் முன்னே வணங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் காலடியிலேயே முதல் தடயம் இருக்கிறது. மண்டபத்தின் முன்மேடையைச் சுற்றி, சிங்க உடலும் மனித முகமும் கொண்ட உருவங்கள் செதுக்கிய எழுபதுக்கும் மேற்பட்ட பலகைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. சீனப் பௌத்தக் கோயிலின் மேடைக்கு உரிய அலங்காரமன்று இது. மண்டபத்தைச் சுற்றிப் பின்தாழ்வாரத்துக்குச் சென்றால் இரண்டாவது தடயம்: பதினாறு பட்டை கொண்ட இரண்டு கருங்கல் தூண்கள். மற்றத் தூண்களிலிருந்து நிறத்திலும் வடிவிலும் அவை உடனே வேறுபட்டுத் தெரியும். பட்டைகளுக்கு இடையே சதுரங்கள், சதுரங்களில் வட்டங்கள், வட்டங்களுக்குள் சிற்பங்கள். இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர் ஒன்றில். உரலோடு தவழ்ந்து இரு மருதமரங்களைச் சாய்க்கும் கண்ணன் மற்றொன்றில். கோபியரின் ஆடைகளை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிய கண்ணன் வேறொன்றில். அதே தூண்களில் முழுக்க முழுக்கச் சீன மரபைச் சேர்ந்த அலங்காரங்களும் உள்ளன.

இத்தூண்களைச் சோழநாட்டுத் தூண்களோடு அருகருகே வைத்துப் பார்த்த கலை வரலாற்றாளர்கள், ஜான் கை முதலியோர், ஒரு முடிவில் ஒத்துப்போகிறார்கள். வடிவத்திட்டம் தென்னிந்தியத் தூணினுடையது. உளி சீனக் கற்றச்சருடையது. கல்லும் அப்பகுதிக் கல்லே. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த சிற்பங்கள் அல்ல இவை. கதையை அறிந்த ஒருவர் சொல்ல, கதையை அறியாத ஒருவர் செதுக்கியிருக்கிறார். சொன்னவரிடம் ஓலையோ வரைபடமோ இருந்திருக்கலாம், மனப்பாடமாகவும் இருந்திருக்கலாம். கண்ணனின் ஆடையிலும் மரங்களின் இலையமைப்பிலும் தெரியும் சிறு அந்நியத்தன்மை, அந்த உரையாடல் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே நடந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. சிற்பக் குறை என்று அதை ஒதுக்குவது தவறு. தமிழ் வணிகரும் சீனக் கற்றச்சரும் பேசிக்கொண்டதற்கு எஞ்சிய ஒரே பதிவு அதுதான்.

இன்றுள்ள பெருமண்டபத்தின் வடிவம் 1637ஆம் ஆண்டுப் புதுப்பிப்பைச் சேர்ந்தது. தூண்கள் மிங் காலத் திருப்பணியின்போது வேறிடத்திலிருந்து கொண்டுவந்து பொருத்தப்பட்டவை. இதைச் சமய நல்லிணக்கத்தின் சான்றாகச் சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. சற்று அவசரமான முடிவு. பொருத்தியவர்களுக்குக் கண்ணனைத் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று இல்லை. நல்ல உறுதியான, அழகான, விலையில்லாத தூண்கள் கிடைத்தன. மண்டபத்தின் பின்பக்கம் நிறுத்தினார்கள். முன்பக்கம் நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்தே கவனிக்கவேண்டும்.

வளாகத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு கப்பல் இருக்கிறது. 1974இல் நகருக்கு வெளியே ஹௌசு துறைமுகச் சேற்றிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்ட தென்சோங் காலக் கப்பலின் அடிப்பகுதி. எஞ்சியது மட்டும் ஏறக்குறைய 24 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். குறுக்குப் பலகைகளால் 13 அறைகளாகப் பிரிக்கப்பட்டது. ஓர் அறையில் நீர் புகுந்தாலும் கப்பல் மூழ்காது. தெற்குக் கடல்களிலிருந்து திரும்பி வந்த கப்பல் இது. உள்ளே கிடைத்தவை நறுமணக் கட்டைகள், மிளகு, பாக்கு, சாம்பிராணி வகைகள், சோழி, ஆமையோடு. சரக்குகளின் உடைமையாளரைக் குறிக்கும் மரச்சீட்டுகளும் கிடைத்தன. கிடைத்த காசுகளில் மிகப் பிந்தியவை தென்சோங் அரசின் இறுதி ஆண்டுகளுக்கு உரியவை. சரக்கோடு ஊர் திரும்பிய கப்பல் கரையருகே கைவிடப்பட்டது ஏன் என்ற கேள்விக்கு அந்த ஆண்டுகளின் அரசியலைக் காரணம் காட்டுவோர் உண்டு. அந்த அரசியல் பின்னால் வரும்.

மிளகின் அளவு மிகக் குறைவே, சில படிகள். ஆனால் அந்தச் சில படிகளுக்குப் பின்னிருந்த பயணத்தை, 1225இல் நூல் எழுதிய சாவ் ருகுவா கணக்கிட்டுச் சொல்கிறார். அவர் இந்நகரின் கடல்வணிகத் துறைக்குப் பொறுப்பாளராக இருந்தவர். சுவான்சௌவிலிருந்து புறப்படும் கப்பல் நாற்பது நாட்களுக்கு மேல் ஓடிச் சுமத்ராவின் வடமுனையை அடையும். அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும். மறு ஆண்டு புறப்பட்டு ஒரு மாதத்தில் கொல்லத்தை அடையும். திரும்பவும் காற்றுக்குக் காத்திருக்கவேண்டும். ஆக ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள். இடையில் தங்கிய துறைகளிலெல்லாம் வீடு, பண்டகசாலை, வழிபாட்டிடம் வேண்டும். தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும், சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தமைக்குக் காரணம் இந்தக் காத்திருப்பே. முன்னது மணிக்கிராமத்தையும் பின்னது ஐந்நூற்றுவரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. காற்று ஆறு மாதம் நிறுத்திவைத்த இடங்களில் வணிகக் குழுக்கள் குளம் வெட்டின, தீர்மானம் இயற்றின, கல்லில் எழுதின.

சாவ் ருகுவாவின் நூலில் சோழநாடு பற்றிய இயல் ஒன்றும் உண்டு. அதற்கும் முன்பே, 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதுக்குழுக்கள் சோங் அரசவைக்கு வந்ததைச் சீன அரச ஆவணங்கள் பதிவு செய்துள்ளன. சுவான்சௌவில் கடல்வணிக அலுவலகம் 1087இல்தான் திறக்கப்பட்டது. அதன்பின் நகரம் மேற்கு நாட்டாரின் நாவில் வேறொரு பெயரைப் பெற்றது: சைத்தூன். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் அப்பெயரையே எழுதுகிறார்கள். அரபியில் சைத்தூன் என்றால் ஒலிவம். ஆனால் ஊரில் ஒலிவமே இல்லை என்று பதூதா குறித்துவைத்தார். பெயரின் மூலம் ‘சிதோங்’ என்னும் மரம். 10ஆம் நூற்றாண்டில் நகரை விரிவாக்கியபோது மதிலைச் சுற்றி அம்மரங்களை நட்டார்கள். அரபியர் காதில் விழுந்த அந்நியச் சொல் தமக்குத் தெரிந்த சொல்லின் உருவை எடுத்துக்கொண்டது. ‘சாட்டின்’ என்னும் துணியின் பெயரையும் இந்தச் சைத்தூனோடு இணைத்தே சொற்பிறப்பு அகராதிகள் பல விளக்கம் தருகின்றன.

சிதோங் மரம் தமிழருக்குப் புதிதன்று. கலியாண முருங்கை, முள்முருங்கை என்று வேலிகளில் நிற்பதும், சங்கப் பாடல்களில் கவிர் என்று வருவதாகக் கொள்ளப்படுவதும் அதே இனம். வெற்றிலைக்கொடிக்கும் மிளகுக்கொடிக்கும் கொழுகொம்பாக வளர்ப்பார்கள். மலபாரில் மிளகு படர்ந்த மரத்தின் பெயரே, அம்மிளகு போய்ச் சேர்ந்த ஊரின் பெயராகவும் இருந்தது. அலெக்சாந்திரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் சைத்தூனுக்கு நூறு கப்பல் போகும் என்று போலோ எழுதியது மிகையாகவே இருக்கட்டும். விகிதம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

காய்யுவானிலிருந்து தென்கிழக்கே அரைமணி நேரம் நிதானமாக நடந்தால் தூமென் தெரு. அங்கே 1009இல் நிறுவப்பட்டு 1310இல் புதுப்பிக்கப்பட்ட சிங்சிங் பள்ளிவாசல். நெடுங்காலமாக இங்கே நுழைவுச்சீட்டு 3 யுவான். (நாணயத்தின் பெயரும் மங்கோலிய அரசமரபின் பெயரும் தமிழில் மட்டும் ஒன்றாக ஒலிப்பதன்று, அன்றாடச் சீன எழுத்திலும் இரண்டும் ஒரே எழுத்தே.) வாயில் உயர்ந்த கூர்வளைவு, உள்ளே தொழுகைக் கூடத்தின் சுவர்கள் நிற்கின்றன, கூரை இல்லை. சுவர்களில் அரபிக் கல்வெட்டுகள். அடுத்த சில அடிகளில் குவான்தி கோயில். ஊதுவத்திப் புகை பள்ளிவாசல் மதிலைத் தாண்டி வரும். மேலும் தெற்கே நடந்தால் 1196இல் தொடங்கப்பட்ட தியென்ஹௌ கோயில், கடலோடிகளின் அன்னை மாசுவுக்கு உரியது. எதிரே பழைய நகரின் தெற்கு வாயிலான தேஜி வாயிலின் அடித்தளம் அகழ்ந்து காட்டப்பட்டுள்ளது. அயல்நாட்டு வணிகர் குடியிருந்த பகுதி இந்தத் தெற்குப் புறமே. சாவ் ருகுவா தரும் மற்றொரு செய்தியும் இதை ஒட்டியது: 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்து கடல்வழி வந்த துறவி ஒருவர், அயல்நாட்டு வணிகர் தந்த பொருளைக் கொண்டு நகரின் தெற்குப் புறத்தில் நிலம் வாங்கிப் பௌத்த மடம் கட்டினார்.

பிற்பகலைக் கடல்வணிக வரலாற்று அருங்காட்சியகத்துக்கு முழுமையாக விட்டுவிடுவது நல்லது. பேருந்தில் சென்றால் சில யுவான், நுழைவு இலவசம், கடவுச்சீட்டு மறக்கக்கூடாது, திங்கட்கிழமை விடுமுறை. 1959இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் சமயச் சிற்பக் கூடத்தில் அரபி, பாரசீகம், சிரியாக் எழுத்துகளில் கல்லறைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. சிலுவையும் தாமரையும் ஒன்றாகச் செதுக்கிய கற்கள் உண்டு. மானி சமயத்தின் தடயங்களும் உண்டு. இவற்றோடு இந்து சமயக் கற்கள்: தூண் துண்டுகள், பீடங்கள், போதிகைகள், நிற்கும் திருமால் உருவம் ஒன்று. நகரில் கிடைத்த சிற்பங்களுள் இரண்டு தமிழ் வாசகரைக் கட்டாயம் நிறுத்தும். ஒன்றில் யானை துதிக்கையால் லிங்கத்துக்குப் பூச்சொரிகிறது. மற்றொன்றில் பசு லிங்கத்தின்மேல் பால் சொரிகிறது. முதலாவதைக் கண்டதும் திருவானைக்காவை நினையாதவர் இருக்கமுடியாது. திருமாலின் கதைகளும் சிவத்தலங்களின் கதைகளும் ஒரே ஊரின் கற்களில் கிடைப்பதால், ஒரு கோயிலா இரண்டா என்ற வாதம் ஆய்வாளரிடையே தொடர்கிறது.

இக்கற்கள் இங்கே வந்து சேர்ந்த கதை தனியே சொல்லத்தக்கது. 1930களின் இறுதியிலும் 1940களிலும் சுவான்சௌவின் மதில் இடிக்கப்பட்டது. இடிக்க இடிக்க மதிலின் உள்ளிருந்து செதுக்கிய கற்கள் வெளிவந்தன. கல்தச்சர்களுக்கு அவை மறுபடி செதுக்கி விற்கக்கூடிய நல்ல கற்கள். வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர், தம் சம்பாத்தியத்தைக் கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். எழுத்து இருக்கும் கல், உருவம் இருக்கும் கல், எந்தச் சமயம் என்று தெரியாத கல், எல்லாவற்றையும் சேர்த்தார். பிறகு அவற்றை அரசுக்கு வழங்கினார். 1957இல் சுவான்சௌவின் சமயக் கற்கள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. தமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளை, படிக்கத் தெரிந்தவர் ஒருநாள் வருவார் என்று கருதிக் காப்பாற்றியவர் அவர். தமிழ்நாட்டில் அவர் பெயர் பரவலாக அறியப்படாதது வருந்தத்தக்கது.

1956இல் கிடைத்தது அந்தக் கல்வெட்டு. தமிழ் வரிகள், கீழே ஒரு சீன வரி. தென்னிந்தியக் கல்வெட்டியலில் ஆழ்ந்த பயிற்சியுடைய தி. நா. சுப்பிரமணியம் அதைப் படித்து, 1978இல் கட்டுரையாக வெளியிட்டார். செய்தி சுருக்கமானது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். அதாவது 1281ஆம் ஆண்டு ஏப்ரல். தவச்சக்கரவர்த்திகள் சம்பந்தப்பெருமாள் என்பவர், செகசைகானின் திருமேனி நலத்துக்காக, அவரது பர்மானின்படி, திருக்கானீச்சுரம் உடைய நாயினாரை எழுந்தருளச் செய்தார். செகசைகான் என்பது ‘செச்சென் கான்’ என்னும் மங்கோலியப் பட்டத்தின் தமிழ் ஒலிப்பு. குறிக்கப்படுபவர் குப்லாய் கான் என்பது சுப்பிரமணியத்தின் முடிவு.

இச்சில வரிகளின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவேண்டும். அரசனின் திருமேனி நலம் வேண்டி அறம் செய்வது பாண்டிய, சோழக் கல்வெட்டுகளின் தேய்ந்த தொடர். எழுதியவருக்கு அது கைப்பழக்கம். ராசராசேச்சுரம் போல அரசன் பெயரோடு ஈச்சுரம் சேர்த்துக் கோயிலுக்குப் பெயரிடுவதும் பழைய வழக்கம். அந்த வழக்கத்துக்குள் மங்கோலியப் பேரரசர் எவ்வித இடறலுமின்றி நுழைந்துவிட்டார்: கான் + ஈச்சுரம், கானீச்சுரம். புணர்ச்சி விதிக்கு அரசனின் இனம் பொருட்டில்லை. இடறுவது ‘பர்மான்’ ஒன்றே. அரச ஆணைக்குத் தமிழில் சொல் இல்லாமலில்லை. ஓலை, திருமுகம், ஆணை என்று இருந்தும் பாரசீகச் சொல்லை எழுதினார்கள். காரணம், அவர்கள் கையில் இருந்தது திருமுகம் அன்று, பர்மான். யுவான் அரசில் அயல்நாட்டாரோடான நிர்வாகத்துக்கும் கடல்வணிகத்துக்கும் பாரசீகம் பொதுமொழியாக விளங்கியது. அனுமதியின் பெயரை மொழிபெயர்த்தால் அதன் அதிகாரம் குறைந்துபோகும்; இன்றும் பாஸ்போர்ட், விசா ஆகியவற்றைப் பேச்சில் யாரும் தமிழாக்குவதில்லை.

தமிழ், சீனம், பாரசீகம் என்ற இம்மூன்றும் மறுபடி ஒரே கல்லில் சேர்வது ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்குப் பின், இலங்கையின் காலியில். செங் ஹ தம் கடற்பயணத்தில் நிறுவிய, 1409ஆம் ஆண்டைத் தாங்கிய மும்மொழிக் கல்வெட்டு அது. அங்கே பேரரசே மூன்று மொழிகளில் பேசியது. சுவான்சௌவில் பேசியது ஒரு சிறுபான்மைக் குடி. ஆகவே பாரசீகம் அங்கே ஒரு சொல்லாகத் தமிழுக்குள் ஒடுங்கி நிற்கிறது.

பர்மான் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஆண்டைப் பார்க்கவேண்டும். 1276, 1277 ஆண்டுகளில் சுவான்சௌ கைமாறியது. கடல்வணிகத் துறையை நடத்திவந்த பூ ஷௌகெங், மேற்காசிய வணிகக் குடியின் வழிவந்தவர், சோங் அரசைக் கைவிட்டு மங்கோலியர் பக்கம் சேர்ந்தார். நகரில் வாழ்ந்த சோங் அரச குடும்பத்தார் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். நான்கே ஆண்டுகள் கழித்து எழுந்தது கானீச்சுரம். பழைய அரசின்கீழ் வாழ்ந்த ஓர் அயல்நாட்டுக் குடி, புதிய அரசன் பெயரில் கோயிலெடுத்து, அவன் உடல்நலம் வேண்டி, அவன் அனுமதியைக் கல்லில் பொறித்தது. இதைத் தமிழரின் வெற்றிச் சின்னமாகப் படிப்பது கல்வெட்டின் குரலைக் கேளாமல் படிப்பதாகும். அஞ்சிய குடியின் எச்சரிக்கை அதில் இருக்கிறது. அதே 1281இல் குப்லாயின் தூதர் யாங் திங்பி சுவான்சௌவிலிருந்து புறப்பட்டுப் பாண்டியநாட்டுக் கரையை அடைந்தார். அப்போது அங்கே மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி. இரு கரைகளுக்கும் ஒருவர் மற்றவரது தயவு தேவைப்பட்ட தருணம் அது.

தகுவாபா, பாருஸ் கல்வெட்டுகளைப் போல இங்கே வணிகக் குழுவின் பெயர் இல்லை. முன்னிற்பவர் சைவப் பெயரும் தவப்பட்டமும் தாங்கிய ஒருவர். அரசனிடம் அனுமதி கேட்க வணிகரைவிடத் துறவி பொருத்தமானவர் என்று குடி கருதியிருக்கலாம். சீனத் துறைமுகத்தில், தமிழ் எழுத்தைப் படிக்கக்கூடியவர் தங்களையன்றி எவருமில்லாத ஊரில், முதன்மைச் செய்தியைத் தமிழில் எழுதினார்கள். அதிகாரிகளுக்கு ஒற்றைச் சீன வரி. மற்றதெல்லாம் அடுத்த காற்றில் வந்திறங்கப்போகும் தம்மவருக்கு.

மறுகரையிலும் இதற்கு இணை இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் சுவான்சௌவிலிருந்து கடலேறிய வாங் தயுவான், நாகப்பட்டினச் சமவெளியில் செங்கற்கோபுரம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். அதில் 1267க்கு இணையான சீன ஆண்டோடு, பணி நிறைவுற்றதைச் சொல்லும் சீன எழுத்துகள் இருந்தன. நாகப்பட்டினத்தில் ‘சீனக் கோபுரம்’ என்று வழங்கிய பழைய செங்கற்கட்டடம் 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. 1867இல், கிறித்தவத் துறவியரின் கல்லூரி விரிவாக்கத்துக்காக இடிக்கப்பட்டது.

சுவான்சௌவின் கோயில் அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே போய்விட்டது. 1357 முதல் 1366 வரை நகரின் பாரசீகப் படையினர் எழுப்பிய கலகம், அதை அடக்கியபோது அயல்நாட்டார்மேல் திரும்பிய வன்முறை, பின்வந்த மிங் அரசின் கடல்தடை. மிளகுக்கப்பல் வரும் ஊராக இல்லாதபோது கோயிலைப் பேணவும் ஆளில்லை. கற்கள் மதிலுக்குப் போயின, பாலத்துக்குப் போயின, பௌத்தக் கோயிலின் பின்தாழ்வாரத்துக்குப் போயின. வூ வென்லியாங் அவற்றை மதிலிலிருந்து மீட்டது, அவற்றின் இரண்டாவது இடமாற்றம்.

அருங்காட்சியகத்துக்கு வராத கல் இன்னொன்றும் உண்டு. பகல் சாயும் நேரத்தில் ஜின் ஆற்றைக் கடந்து தெற்கே செல்லும் பேருந்தில் ஏறினால் சிதியென் என்னும் ஊர் வரும். அங்குள்ள சிறு கோயிலில், காலடியில் அசுரனோடும் இருபுறமும் ஏவலரோடும் நான்கு கரங்களுடன் ஒரு தேவி வீற்றிருக்கிறாள். ஊரார் அவளைப் பௌத்தக் கருணைத் தெய்வமான குவான்யின் என்று வழிபடுகிறார்கள். செதுக்கியவர்கள் நினைத்தது வேறு தெய்வம். சுவான்சௌவின் இந்து சமயக் கற்களுள் இதற்கு இன்றும் ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள்.